மூன்று அடையாளங்கள்

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அலமாரித் தூசியில் மூக்கு மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ சுகமா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அம்மாவின் கடிதம் வந்தது. நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் நீ. நீ செய்த செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு ஒரு பஸ் டிரைவர் மாடிப்படி ஏறினாராம், இறங்கினாராம், நம்ப முடியாமல் மறுபடி ஏறினாராம். கடைசி அரைப் பக்கத்தில் எனக்கு ஒரு வரி: வேளைக்குச் சாப்பிடு. கணக்கில் இரண்டு முறை தோற்றவள் இன்று மில்லிமீட்டரில் பேசுகிறாள் என்று அம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான். பின்னக் கணக்கு உன் மண்டையில் ஏற யார் தொண்டை வற்றக் கத்தியது என்பதை எழுத மறந்துவிட்டாள். பரவாயில்லை.

என் ராஜ்ஜியத்தில் மாற்றம் இல்லை. ஸ்டேஷனின் கடைசிக் கட்டடம், கம்பி வலை போட்ட ஜன்னல், உள்ளே பதினாறு இரும்பு அலமாரிகள். ரயிலில் மனிதர்கள் விட்டுப்போனதெல்லாம் இங்கே வரும். இந்த வாரம் நாற்பத்தொரு குடை, ஒரு பல்செட், ஒரு தையல் மெஷினின் தலை. நேற்று ஒருவர் குழந்தையின் ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியவர், இதற்காக இறங்கித் திரும்பி வந்திருக்கிறார். "ஒத்தச் செருப்புக்காகவா வந்தீங்க?" என்று கேட்டேன். "தேடுவாங்கல்ல" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

என் ஆராய்ச்சி மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுபோனது உனக்குத் தெரியும். மனிதர்கள் ஏன் பெரும்பாலும் கொடுமையின் பக்கம் சாயாமல் ஒழுங்கின் பக்கம் சாய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. யாரோ பார்க்கிறார்கள் என்ற பயத்தால் என்று எழுதியிருந்தேன். அந்தச் செருப்புக்காரரை யாரும் பார்க்கவில்லை. அத்தியாயம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

இங்கே ஒரே சட்டம்தான். பொருளைக் கேட்டு வருபவர் மூன்று அடையாளம் சொல்ல வேண்டும். அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாது. போன வருடம் புதிதாக வந்த எழுத்தர் "கறுப்புப் பெட்டியாங்க?" என்று கேட்டுவிட்டார். "ஆமா, கறுப்புதான்" என்று ஒருவன் யாருடையதையோ வாங்கிப் போய்விட்டான்.

அம்மாவின் மாத்திரைகளைப் பார்த்துக்கொள். உன்னையும்.

அக்கா

ஜனவரி 19

பூச்சி அக்காவுக்கு,

(புத்தகப்பூச்சி என்று முழுசாக எழுதினால் நீ கோபிப்பாய்.) இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம்: நான், அம்மா, அம்மாவின் முழங்கால். உன் மூக்குக்கு ஒரு துணி கட்டிக்கொள்ளேன்.

பெரிய செய்தி. மலைமேல் ஒரு குடியிருப்பு, கால் இழந்தவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஐந்து வருடமாக யாரும் அங்கே போகவில்லை. எங்கள் பட்டறையிலிருந்து அளவெடுக்கப் போகிறோம், கூட வர பிசியோ அக்கா என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார். பட்டறையே வாயைப் பிளந்தது. பிசியோ அக்கா யார் என்று கேட்பாய். எங்கள் பிசியோதெரபிஸ்ட்தான், எல்லோரும் அப்படிக் கூப்பிடுகிறோம். பிசியோ அக்கா அதிகம் பேச மாட்டார், பேசினால் எழுதி வைத்துக்கொள்ளலாம். "கால் இல்லாத எடத்தப் பாக்காத, மொதல்ல மூஞ்சியப் பாரு" என்றார். எழுதி வைத்துக்கொண்டேன். போன வாரம் பிசியோ அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அம்மாகூட "அந்தப் பொண்ணு உன்னைத் தங்கச்சி மாதிரி பாத்துக்குது" என்றாள். இந்த வேலை நல்லபடி முடிந்தால் என் பதவியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'தற்காலிகம்' என்ற சொல்லைக் கிழித்துவிடலாம் என்று பிசியோ அக்கா சொல்கிறார்.

அடுத்தது கேள். திரும்பி வரும் வண்டி உன் ஸ்டேஷன் வழியாக. பிப்ரவரி எட்டு. பத்து நிமிடம் நிற்குமாம். இறங்கி ஓடிவந்து உன் கம்பி வலையைத் தட்டுகிறேன். எத்தனை மாதமாயிற்று உன்னைப் பார்த்து.

நன்றாகத் தூங்கு. கண் கெடப் படிக்காதே.

வாலு

ஜனவரி 26

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தில் 'பிசியோ அக்கா' ஐந்து முறை வருகிறது. வெறும் அக்கா ஒரே முறை, அதுவும் பூச்சியோடு சேர்ந்து. எண்ணுவது எனக்குத் தொழில், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவருக்கு என்ன வயது? சொந்தத் தங்கை யாரும் இல்லையா? கேட்டு வைத்தேன், பதில் எழுத வேண்டிய அவசியமில்லை.

உன் வண்டி பதினொன்றே முக்காலுக்கு மூன்றாம் நடைமேடைக்கு வருகிறது. அந்த நேரத்தில் நான் கவுன்டரை விட்டு எழ முடியாது. நீ படியேறிப் பாலம் கடந்து இறங்கி வர நாலு நிமிடம். திரும்பிப் போக நாலு. பேசுவதற்கு இரண்டு இருக்கிறது. நான் நடந்து பார்த்துவிட்டேன், சரியாகத்தான் வருகிறது. உனக்கென்று ஒரு சின்னப் பொருள் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். என்ன என்று சொல்ல மாட்டேன், வந்து வாங்கிக்கொள்.

மலையில் காலடி பார்த்து நட. அம்மாவை வீட்டில் தனியே விடுவதால் பக்கத்து வீட்டில் சொல்லிவை.

அக்கா

பிப்ரவரி 10

அக்கா,

அம்மா நலம். நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

என் பை தொலைந்துவிட்டது. பழுப்பு நிறத் துணிப்பை, உள்ளே பெரிய நோட்டு. இருக்கையில் வைத்திருந்தேன். உன் ஸ்டேஷனைத் தாண்டி என் இருக்கைக்கு வந்து பார்த்தால் இல்லை. பிசியோ அக்கா மேல் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவர் வழியில் இறங்கிவிட்டார். பெட்டி முழுக்கத் தவழ்ந்து தேடினேன்.

ஒன்பது பேரின் காலுக்கு எடுத்த மாவுக்கட்டு அச்சுகளும் மரப்பெட்டியில் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஆனால் அச்சில் எண் மட்டும்தான் இருக்கிறது. எந்த எண் யாருடையது, நல்ல காலின் நீளம் எவ்வளவு, எந்த இடத்தில் தொட்டால் வலிக்கிறது, எவ்வளவு எடை தாங்கும், எல்லாம் அந்த நோட்டில். அது இல்லாமல் செய்தால் கால் மாதிரி ஒரு பொம்மை வேண்டுமானால் வரும். மழை தொடங்கினால் மலைப் பாதை அடைபட்டுவிடும். கால்களோடு ஜீப் கிளம்ப வேண்டியது ஏப்ரல் முப்பது. அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

உன்னிடம் வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். வந்தவுடன் எழுது. வேண்டாம், வந்தவுடன் அனுப்பிவிடு.

உன்னை வந்து பார்க்காமல் போய்விட்டேன். மன்னித்துக்கொள். அதை நேரில் சொல்கிறேன். உன் மூக்கு எப்படி இருக்கிறது?

வாலு

பிப்ரவரி 17

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். அம்மாவுக்கு என் விசாரிப்பு.

பதினாறு அலமாரியும் பார்த்தேன். அப்படி ஒரு பை இங்கே வரவில்லை. ஓடும் வண்டியில் கிடப்பது எல்லாம் என் ஸ்டேஷனில்தான் இறக்கப்படும் என்று இல்லை. இந்தத் தடத்தில் இதுபோல இன்னும் நாலு அலுவலகம் இருக்கிறது, விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

எட்டாம் தேதி பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரை நான் கவுன்டரில்தான் இருந்தேன். அன்று பார்த்து வரிசை. ஒவ்வொரு ஆளாக அனுப்பிவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். பிறகு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பேசிக்கொண்டு வந்தால் எந்த ஸ்டேஷன் வந்தது, போனது என்று தெரியாதுதான். அதுவும் எழுதி வைத்துக்கொள்ளும்படி பேசுகிறவர் கூட இருந்தால். ஆனால் அவர் தூங்கினார் என்கிறாய். அப்படியானால் பத்து நிமிடமும் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டியதுமில்லை.

உனக்கு வாங்கிய பொருள் மேஜை இழுப்பறையிலேயே இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு நோட்டுக்காகச் சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா

மார்ச் 1

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? உன் கடிதம் மழைக்கு முந்தின காற்று மாதிரி இருந்தது.

நாலு அலுவலகத்துக்கும் எழுதினேன். மூன்றிலிருந்து 'இல்லை' வந்துவிட்டது. நாலாவது பதிலே போடவில்லை. இன்னொரு முறை பார்க்கிறாயா? சின்ன அலமாரிகளின் பின்னால், குடைகளுக்கு அடியில்.

உனக்கு அந்த ஒன்பது பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் தையல்காரர், மெஷினை மிதிக்கும் கால் போய்விட்டது. ஒருத்தி கல் உடைக்கிறவள், பேச்சே கிடையாது, அளவெடுக்கும்போது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதில் ஒருத்தி இருக்கிறாள். நொண்டி அடித்தே ஊரைச் சுற்றுவாள், எல்லோரும் தவளை என்கிறார்கள். அவளும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். "கால் வந்துட்டா தவளைன்னு கூப்புட மாட்டாங்களா?" என்று கேட்டாள். மாட்டார்கள் என்றேன். "அப்ப எனக்குப் பேரு?" என்றாள். அவள் வளர்கிற பிள்ளை அக்கா. அடுத்த வருடம் இந்த அச்சு அவளுக்குச் சேராது.

பட்டறையில் என் மேஜைக்கு வேறு ஒருத்தியைப் பழக்குகிறார்கள். பிசியோ அக்கா இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. கவலைப்படாதது அம்மா மட்டும்தான். "அக்காகிட்ட சொல்லிட்டியில்ல, அப்புறம் என்ன, அவ தேடிக் குடுத்துடுவா" என்கிறாள். தினமும் சொல்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நானும் சாப்பிடுகிறேன்.

வாலு

மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா எழுதியிருந்தாள். இந்த முறையும் நாலு பக்கம், நாலும் நீ. வேளைக்குச் சாப்பிடு என்று எனக்கு எழுதக்கூட இடம் இல்லை.

மறுபடி பார்த்தேன். இல்லை.

இரண்டு வாரமாகப் பேசாதவரை இன்னும் அக்கா என்றே எழுதுகிறாயே. நல்ல மனசு உனக்கு. கூடப் பிறந்தவர்கள் அப்படி மூஞ்சியைத் திருப்ப மாட்டார்கள்.

சில நாட்களாக அந்த மூன்றாம் அத்தியாயத்தை எடுத்து வைத்துப் பார்க்கிறேன். கொடுமை என்பது பெரிய காரியம், அதற்கென்று ஆள் வேண்டும், படை வேண்டும், வெறி வேண்டும் என்று படித்ததை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்து பார்த்தால் அது அவ்வளவு உழைப்புக் கேட்கும் காரியமாகத் தெரியவில்லை. சும்மா இருந்தாலே போதும் போலிருக்கிறது. அப்படியிருந்தும் அன்றாடம் இந்த ஜன்னலுக்கு மனிதர்கள் எதையாவது தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கிறது. எப்படி இவ்வளவு சுலபமாகச் செய்கிறார்கள்?

மனதைத் தளரவிடாதே. மஞ்சள் இன்ச் டேப் சுற்றிய அந்த நோட்டு எங்காவது ஒரு நல்லவர் கையில் இருக்கும். தவளைக்கு என் அன்பு என்று சொல், அவளைப் பார்க்க நேர்ந்தால்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

அக்கா

மார்ச் 20

வாலு,

நலமா? நான் எழுதிப் பத்து நாளுக்கு மேலாகிறது, பதில் இல்லை. அம்மாவிடமிருந்தும் இல்லை. தபாலில் ஏதோ தாமதம் என்று நினைக்கிறேன். என் கடைசிக் கடிதம் வந்ததா? வந்தது என்று ஒரு வரி எழுது.

அக்கா

மார்ச் 23

பொறுப்பாளர் அவர்களுக்கு,
தொலைந்த பொருள் அலுவலகம்.

வணக்கம். தாங்கள் நலமென நம்புகிறேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி, பதினொன்றே முக்கால் மணி வண்டியில் பை ஒன்றைத் தவறவிட்டேன். உங்கள் அலுவலகத்தின் சட்டம் எனக்குத் தெரியும். கேட்டு வருபவர்தான் அடையாளம் சொல்ல வேண்டும், அதுவரை அங்கிருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. ஆகவே நான் சொல்கிறேன்.

முதல் அடையாளம்: பழுப்பு நிறத் துணிப்பை. ஒரு காது அறுந்து கறுப்பு நூலில் தைக்கப்பட்டிருக்கும். தைத்தது என் அம்மா, அதனால் தேவைக்கு மேல் மூன்று மடங்கு தையல்.

இரண்டாவது: உள்ளே நீள நோட்டு. அது மஞ்சள் இன்ச் டேப்பால் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். இதை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

மூன்றாவது: நோட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் வரைந்த ஒரு வலது பாதம். பெயர் இருக்காது, பூஜ்யம் என்ற எண் மட்டும் இருக்கும். நான் முதன்முதலாக அளவெடுத்த கால் அது. பயிற்சியில் சேர்ந்த வாரம், கட்டிலில் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த என் அக்காவுடையது. கூச்சம் தெரிந்து எழுந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே வரைந்ததால் குதிகாலில் கோடு நடுங்கியிருக்கும். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருக்கும்.

படிவத்தில் மூன்றுக்குத்தான் இடம் என்று தெரியும். நாலாவது பொருளைப் பற்றியது அல்ல, தவறவிட்ட விதத்தைப் பற்றியது. அன்று இருக்கையில் இடம் பிடிக்கப் பையை வைத்துவிட்டு இறங்கினேன். படியேறிப் பாலம் கடந்து உங்கள் ஜன்னலுக்கு வந்தேன். வரிசை இருந்தது. நாலாவது ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் கதவு அகலம், அவருடைய தோளுக்கு மேலே எட்டி உங்களைப் பார்த்தேன். ஒரு பாட்டியம்மாவுக்குக் குடையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். வரிசையைத் தாண்டி முன்னால் வந்திருக்கலாம். அப்படிச் செய்தால் நீங்கள் திட்டுவீர்கள் என்று சின்ன வயதிலிருந்து தெரியும். நின்றேன். விசில் ஊதியதும் ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டேன்.

பொருள் கிடைத்திருந்தால், அல்லது இனிமேல் கிடைத்தால், மேலே உள்ள அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல் முப்பதுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பொருளுக்கு உரியவர்

மார்ச் 27

பொருளுக்கு உரியவருக்கு,

விண்ணப்பம் வந்தது. அடையாளங்கள் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. மூன்றும் பொருந்துகின்றன. பொருள் இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் வருகிறது.

பொருள் வந்த தேதி: பிப்ரவரி 8. பதிவேட்டில் ஏற்றிய தேதி: மார்ச் 27.

வாலு, இனி அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

அன்று வண்டி போய்க் கால் மணி நேரத்தில் போர்ட்டர் பையைக் கொண்டுவந்தார். "கெளம்புற வண்டியில ஜன்னல் வழியா ஒருத்தர் நீட்டினாரும்மா, யாரோ விட்டுட்டு எறங்கிட்டாங்கன்னு" என்றார். தையலைப் பார்த்த உடனே அம்மா கை என்று தெரிந்துவிட்டது. விலாசம் பார்க்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நோட்டைப் பிரித்தேன். நீ வராத கோபம் இருந்தது. இறங்கிய அந்த 'யாரோ' நீயாக இருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா, தெரியவில்லை.

பிறகு படித்தேன். ஒன்பது மனிதர்கள். தவளை எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறாள் என்று மூன்றே கோட்டில் போட்டிருக்கிறாய். அவள் நிற்பது தெரிகிறது. நான் பத்து வருடமாக மனிதர்களைப் பற்றிப் படிக்கிறேன், என் இருநூறு பக்கத்தில் ஒரு ஆள்கூட அப்படி நிற்கவில்லை. அம்மாவின் மூன்றரைப் பக்கத்துக்கு நியாயம் இருக்கிறது என்று அந்தக் கணம் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு நாள் வைத்துக்கொண்டு படித்துவிட்டு அனுப்பலாம் என்று நினைத்தேன். முதல் பக்கத்தில் பெயர் இல்லாத அந்தப் பாதம். அது யாருடையது என்று எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன், நீ யாரை ஐந்து முறை எழுதினாயோ அவருடையது என்று. இன்னொரு நாள் ஆயிற்று. அப்புறம் உனக்கு 'வரவில்லை' என்று எழுதினேன். எழுதிய பிறகு அது வர முடியாததாகிவிட்டது.

உன் விண்ணப்பம் வந்த அன்று அறைக் கதவைச் சாத்திவிட்டு நோட்டைத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றி, கோட்டின் மேல் காலை வைத்தேன். சுண்டுவிரல் உட்படப் பொருந்தியது.

பதிவேட்டில் உண்மைத் தேதியைப் போட்டதைத் தலைமை எழுத்தர் பார்த்தார். "இன்னிக்குத் தேதியவே போட்டிருக்கலாமேம்மா, யாரு கேக்கப்போறா?" என்றார். அவர் நல்லவர், எனக்கு வழி காட்டினார். நான் திருத்தவில்லை. அதனால் மூன்று மாதத்துக்கு எனக்குக் கவுன்டர் கிடையாதாம். நாளையிலிருந்து பின்னால் உட்கார்ந்து குடைகளுக்கு அட்டை கட்ட வேண்டும்.

நோட்டுக்குள் ஒரு எஃகு ஸ்கேல் இருக்கும். மில்லிமீட்டர் கோடுகள் ஆழமாக வெட்டியது, அழியாது. எட்டாம் தேதிக்காக வாங்கியது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை உன் இஷ்டத்துக்கு விடுகிறேன்.

அக்கா

மே 8

அக்காவுக்கு,

நான் நலம். மூன்று கிலோ குறைந்து இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். அம்மாவின் முழங்கால் மட்டும் பழையபடி வம்பு செய்கிறது. குடைகள் நலமா?

ஜீப் ஏப்ரல் முப்பதன்று கிளம்பியது. ஒன்பதில் ஏழு கால்களோடு. இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். ஆனால் நீ எண்ணிவிடுவாய். முழுப் பட்டறையும் உட்கார்ந்தும் ஏழுதான் முடிந்தது. பிசியோ அக்காவும் வந்து உட்கார்ந்து வார் தைத்தார். பேச ஆரம்பித்துவிட்டார், அதிகம் இல்லை. தையல்காரருக்கும் கல் உடைப்பவளுக்கும் அடுத்த வருடம். தையல்காரர் சிரித்தார். "நான் எத்தன பேர அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வான்னு அனுப்பியிருக்கேன், இப்ப என் மொறை" என்றார். கல் உடைப்பவள் சிரிக்கவில்லை. ஜீப் திரும்பும் வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவளைக்குக் கால் பொருந்திவிட்டது. முதல் நாள் விழுந்தாள், இரண்டாம் நாள் நடந்தாள், மூன்றாம் நாள் அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நொண்டி அடித்து ஓடினாள். "அவசரத்துக்கு இதுதான் வசதி" என்றாள். பெயர் மாறவில்லை.

என் 'தற்காலிகம்' அப்படியே இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறார்கள்.

உன் மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் பற்றி ஒரு முறை எழுதிவிட்டு விட்டுவிடுகிறேன். டேப் என்று படித்ததும் உன் கடிதத்தைக் கிழித்தேன். உனக்கு மூன்று கடிதம் எழுதினேன், மூன்றும் உன்னைச் சுட்டுப்போடும். மூன்றையும் போஸ்ட் பண்ணவில்லை. நல்ல மனசு என்று நினைக்காதே, நோட்டு வேண்டியிருந்தது. அதில் ஒன்று உன் கையில் கிடைத்தால் நீ 'இல்லை' என்று இன்னொரு முறை சொல்லுவாய், அதற்குப் பிறகு சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். நானும் அப்படித்தான். சின்ன வயதில் உன் பேனாவை உடைத்துவிட்டு ஒரு மாதம் இல்லை என்றேன். ஒரு நாள் நீ என்னிடம் ஒன்றும் கேட்காமல் மேஜைமேல் ஒரு காலித் தீப்பெட்டியை வைத்து, 'உடைந்த பேனாக்கள் இங்கே' என்று எழுதி வைத்தாய். ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் நிப்பு உள்ளே இருந்தது. படிவம் எழுதும் யோசனை அங்கிருந்து வந்ததுதான். உன் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பயன்பட்டால் வைத்துக்கொள். என் பெயரைப் போட வேண்டாம்.

அம்மாவிடம் நோட்டு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். "நான்தான் சொன்னேனே" என்றாள்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. வெள்ளிக்கிழமைகளில் இருக்கிறது, சனிக்கிழமை இல்லை. ஸ்கேல் என் மேஜையில் இருக்கிறது, யாருக்கும் இரவல் தருவதில்லை.

பத்தொன்பதாம் தேதி முழங்கால் மூட்டு செய்யும் பயிற்சிக்குப் போகிறேன். அதே வண்டி, பதினொன்றே முக்கால், பத்து நிமிடம். இந்த முறை நான் இறங்க மாட்டேன், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்குத்தான் இப்போது கவுன்டர் இல்லையே.

மூக்கைப் பார்த்துக்கொள்.

வாலு

மே 12

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். அம்மாவுக்கும் உனக்கும் அப்படியே.

தீப்பெட்டி ஞாபகம் இல்லை. ஆனால் நிப்பு ஞாபகம் இருக்கிறது.

பாலத்தின் மேல் நின்றால் வண்டி வருவது வளைவிலேயே தெரியும். இன்று மதியம் போய் நின்று பார்த்தேன். பதினெட்டுப் பெட்டி. நாலு நிமிடம் போக, நாலு நிமிடம் வர என்ற கணக்கு எனக்கு இனி இல்லை, அரைமணி முன்னாலேயே வந்துவிடலாம். ஆனால் எங்கே நிற்பது என்று தெரிய வேண்டும்.

உன் பெட்டி எண்ணை எழுது.

அக்கா